ரொட்டியின் வயது

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். போன மாதத்து இருமல் ஒருவழியாகப் போய்விட்டது, போகும்போது குரலில் பாதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீ, சிட்டு, சிட்டுவின் அம்மா மூவரும் நலமா? போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். மறுபடி கேட்டால் 'ம்ம்' என்கிறாய். உன்னிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்கக் கடிதம்தான் வழி என்று பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டேன்.

பேராசிரியர் எனக்குப் புதிய வேலை கொடுத்திருக்கிறார். ரொட்டியில் பூக்குமே ஆரஞ்சு நிறப் பூஞ்சை, அதற்கு நான் இப்போது ஆயா. முழங்கை நீளக் கண்ணாடிக் குழாயில் ஒரு முனையில் அதை விதைத்து, ஜன்னல் இல்லாத இருட்டறையில் வைத்துவிடுவோம். அது மறு முனையை நோக்கி மெல்ல நடக்கும். நடக்கிற வழியில், ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓர் ஆரஞ்சுப் பட்டை போடும். வெளிச்சமில்லை, சூடு மாறுவதில்லை, அதற்கு மணி சொல்ல யாருமில்லை. ஆனாலும் பட்டை நேரத்துக்கு வந்துவிடுகிறது. அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தினம் ஒருமுறை சிவப்பு விளக்கோடு உள்ளே போய், எதுவரை வந்திருக்கிறது என்று குழாயின் மேல் பேனாவால் கோடு போடுவேன். சிவப்பு ஒளி அதன் கண்ணுக்குத் தெரியாது. தூங்குகிறவர்கள் நடுவில் நடக்கிற மாதிரி இருக்கும்.

எங்களுக்குக் காட்டுப் பூஞ்சை வேண்டும், ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்தது போதாது. உன் சுரங்கத்தில் ரொட்டி எதிலாவது ஆரஞ்சுப் பொடி கண்டால் அனுப்பு. ஈரத்தோடு அனுப்பாதே. காற்றில் நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் போடு. காய்ந்த கணத்தில் வளர்ச்சி நின்றுவிடும்.

சிட்டுவுக்கு என் முத்தம்.
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ கேட்ட முழு வாக்கியம் இதோ. எண்ணிக்கொள்.

சுரங்கம் இரண்டாயிரத்து நூறு மீட்டர் போயிருக்கிறது. என் வேலை அதேதான். வாசலில் இருக்கிற பெரிய விசிறிகளைக் கவனிப்பது, காற்றுப் போகிற துணிக்குழாயில் ஓட்டை விழுந்தால் தைப்பது, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு அனுப்புவது. என்னைக் 'காத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாராவது "காத்து வந்துட்டான்" என்றால் புது ஆள் தூசி வரும் என்று முகத்தை மூடிக்கொள்கிறான்.

உன் பூஞ்சை போலத்தான் நாங்களும். உள்ளே பகல் என்ன, மாலை என்ன. சாப்பாட்டு மணி அடித்தால் மதியம். அவ்வளவுதான் எங்கள் கடிகாரம்.

நீ கேட்டது கிடைத்தது. டப்பாவில் கொஞ்சம் ரொட்டியை மறந்துபோய் லாக்கரில் விட்டுவிட்டேன். ஆரஞ்சாகப் பூத்திருக்கிறது. விசிறிக்கு முன்னால் வைத்துக் காயவைத்து இத்துடன் அனுப்புகிறேன். தபால்காரர் தும்மினால் நான் பொறுப்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆசை.

உன் உறையைப் பிரித்ததும் என் மடியில் ஆரஞ்சுப் புகை பரவியது. பக்கத்து மேசைக்காரி, நாங்கள் 'வானொலி' என்று கூப்பிடுவோமே, அவள், "உன் தம்பி மருந்து அனுப்பியிருக்காரா, மஞ்சளா?" என்றாள். குழாயில் விதைத்தோம். முதல் நாளே துள்ளிக்கொண்டு கிளம்பியது. அதற்குச் 'சுரங்கம்' என்று பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். உன் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை.

இனிதான் உண்மையான வேலை. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது தெரியுமா? ஒரு புரதம் மெல்ல மெல்லச் சேர்கிறது. அளவு மிஞ்சியதும் தன் உற்பத்தியைத் தானே நிறுத்துகிறது. பிறகு கரைகிறது. கரைந்து முடிந்ததும் உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுதான் அதற்கு ஒரு நாள். புரதம் கட்டவும் இடிக்கவும் சக்தி வேண்டும். சக்தி சர்க்கரையை எரித்து வருவது. அப்படியானால் சர்க்கரையைக் குறைத்தால் அதன் நாள் நீளுமா, குறுகுமா, நின்றே போகுமா? பேராசிரியர் "தேங்கித்தான் போகும்" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. அதனால் உன் பிள்ளையைப் பட்டினி போடப்போகிறேன். கோபிக்காதே.

உன்னோடு வேலை பார்க்கிற உன் பங்காளி எப்படி இருக்கிறார்? உன் கடிதத்தில் அவர் இல்லாமல் ஒரு பக்கம் நகராதே. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுவிட்டு, யார் பெரிய பாதியைத் தின்றது என்று சண்டை போட்டதை நீ எழுதி எழுதி எனக்கே அவர் பழக்கமாகிவிட்டார். நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம். மூன்றாம் விசிறிக்குப் புது மோட்டார் வந்தது. பழையது இருமிக்கொண்டே ஓடும், புதியது பூனை மாதிரி ஓடுகிறது. சத்தமில்லாததால் ஓடுகிறதா என்று அடிக்கடி கை வைத்துப் பார்க்கிறேன்.

சிட்டுவுக்கு முன் பல் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறாள். அவள் அம்மா நலம்.

மழை விட்டுவிட்டது. வேறு விசேஷமில்லை.

தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பதிவேட்டுக்காக நீ அனுப்பிய ரொட்டியை நேற்று மறுபடி எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். நான்கு துண்டுகள். ஒன்றில் பொடி உதிர்கிற அளவுக்கு முற்றிய ஆரஞ்சு. அடுத்ததில் இளம் ஆரஞ்சு. மூன்றாவதில் வெள்ளைப் பஞ்சு, நுனியில் மட்டும் நிறம். நான்காவதில் சிலந்தி நூல் மாதிரி ஏதோ, அவ்வளவுதான். மாதக்கணக்காக இதையே பார்க்கிறவளுக்கு ரொட்டியின் வயதைச் சொல்லத் தெரியும். ஒருநாள் மறந்துபோன ரொட்டி என்றால் நான்கும் ஒரே வயதில் இருந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு நாள் இளையது.

நான்கு நாள், நான்கு மதியச் சாப்பாடு. அதற்கு முன்னால் எத்தனையைக் குப்பையில் போட்டாய்?

பங்காளியைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை. மோட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

மறைக்க நினைக்கிறவன் ஒரு துண்டை மட்டும் அனுப்பியிருப்பான். நீ நான்கையும் அனுப்பினாய். அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அந்த வாரம் வயிறு சரியில்லை, அதனால் சாப்பிடவில்லை. இதற்கு லென்ஸ் எல்லாம் தேவையில்லை. நீ ரொட்டியைப் பார்த்து ஜோசியம் சொல்வதை விட்டுவிட்டு உன் பாதிக் குரலுக்கு டாக்டரைப் பார்.

என்னைப் பூஞ்சையோடு வைத்துப் பார்க்காதே. ரொட்டி பற்றி இனி எழுத வேண்டாம்.

தம்பி

மே 28

அன்புத் தம்பிக்கு,

ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம், மே நடுவில் ஒரு கடிதம். இரண்டுக்கும் பதில் இல்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சிட்டு ஓடிவந்து எடுத்து, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நிற்பாளே, அதைக்கூடக் கேட்க முடியவில்லை.

ரொட்டி பற்றி எழுதவில்லை, சொன்னபடி. என் வேலையைப் பற்றி எழுதலாம் அல்லவா? சர்க்கரையை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தோம். 'சுரங்கம்' மெலிந்துபோனது. குழாயில் இருக்கிறதா இல்லையா என்று விளக்கைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டை, மங்கலாக இருந்தாலும், நேரத்துக்கு வருகிறது. மற்றதையெல்லாம் சுருக்கிக்கொண்டு கடிகாரத்துக்கு மட்டும் எப்படியோ படியளக்கிறது. எவ்வளவு காலம் அப்படித் தாங்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. மே பதினைந்தாம் தேதி அறுபது நாள் ஓட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு குழாய் முடிந்ததும் அடுத்த குழாய்க்கு மாற்றி, இடையில் ஒரு துளி வெளிச்சம் படாமல் காக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கடிகாரம் திரும்பத் தொடங்கிவிடும், எண்ணியதெல்லாம் வீண். இது முடிந்தால்தான் என் வேலையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பார்கள்.

இருட்டறையில் நிற்கும்போது பல சமயம் நீ நிற்கிற இருட்டு ஞாபகம் வருகிறது. இரண்டு இருட்டும் எங்கோ பின்பக்கமாகச் சேர்ந்திருக்கும் என்று தோன்றும். குரல் கொடுத்தால் கேட்குமோ என்று ஒருநாள் வாய்விட்டு உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். வானொலிக்குக் கேட்டிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

ஒரு வரி எழுது. 'ம்' என்று எழுதினாலும் போதும்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன். நலமா?

பங்காளி இல்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி போய்விட்டான். நீ முதல் கடிதம் எழுதும்போதே அவன் போய் மூன்று வாரம்.

அன்று மூன்றாம் விசிறியின் பெல்ட்டை மாற்றுவதற்காகக் கால் மணி நேரம் நிறுத்தினேன். முறைப்படி எல்லோரையும் வெளியே கூப்பிட்டாயிற்று. எல்லோரும் வந்து, வெளியே வந்த அடையாளமாக டோக்கனைப் பலகையில் மாட்டினார்கள். எங்கள் டப்பா மட்டும் உள்ளே, வாசலிலிருந்து நூறு மீட்டரில், ஒரு பள்ளத்தில் கல் மேல் இருந்தது. எனக்குப் பசி. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன்.

"டேய், டப்பாவ எடுத்துட்டு வாடா, பசிக்குது" என்றேன்.

"காத்த நிறுத்திட்டு உள்ள போகச் சொல்றியா? நல்லா இருக்குடா" என்று சிரித்தான்.

"ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது, போயிட்டு வா."

டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். பாறையிலிருந்து வாயு கசிந்து அந்த இடத்தில் தேங்கியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான், தூங்குகிறவன் மாதிரி. விசாரணையில் பாறையின் குற்றம் என்று எழுதினார்கள். அவனை உள்ளே அனுப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதிலிருந்து டப்பாவைத் திறந்தால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. பழக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துப் பாதி பாதியாக வைத்துவிடுவேன். பிறகு பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு டப்பா காலியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் சிட்டுவின் அம்மா கேட்பாள். அதனால் லாக்கரில் போட்டேன். அவளிடம், வேலையில் ஒருத்தர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். யார் என்று கேட்டாள். "உனக்குத் தெரியாதவர்" என்றேன். நான் இளைப்பதைப் பார்த்து டாக்டரிடம் போகலாம் என்று தினமும் சொன்னாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஏப்ரலில் ஒரு மாலை சிட்டு ரொட்டித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டி, "இந்தாப்பா, உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்றாள். அக்கா, நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் சிட்டுவும் அவள் அம்மாவும் என் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது சிட்டுவின் அம்மா, "என்னன்னு சொல்லுங்க, நான் இருக்கேன். சொல்லலைன்னா எனக்கு இங்க என்ன வேலை?" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

உன் கடிதம் காலையில் வந்தது. ஞாயிறு மாலை வண்டியில் வருகிறேன். குழாய்களை வானொலியிடம் ஒப்படைத்திருக்கிறேன், அதைப் பற்றி நீ யோசிக்காதே. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கதவை மட்டும் திறந்து வை.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாய்ப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. இங்கே நான் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன்.

பத்து நாள் நீ என்னோடு இருந்தாய். 'சாப்பிடு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து சத்தம் போட்டு சூப் குடித்தாய். அம்மா இருந்திருந்தால் உன் தலையில் குட்டியிருப்பாள். ஆறாம் நாள் நானே கிண்ணத்தை எடுத்தபோது நீ ஜன்னலைப் பார்த்தாய் பார், அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு பங்காளி வீட்டுக்குப் போனேன். நீ போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நாலைந்து துணி மடித்த பிறகு, "கடைசியா உங்ககிட்டதான் பேசினாராம். என்ன பேசினாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். பசித்தது எனக்குத்தான், அனுப்பியதும் நான்தான் என்று சொன்னேன்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவருக்குப் பசிச்சிருந்தா?" என்றாள்.

"என்னை அனுப்பியிருப்பான்."

"நீங்க போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்."

"இத இவ்வளவு நாள் கழிச்சு வந்து சொல்றீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது, "அவர் சட்டை ரெண்டு உங்களுக்குச் சரியா இருக்கும், இளைச்சுட்டீங்க, கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும்" என்று கொடுத்தாள்.

நிறுவனத்திடமும் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான்.

மாமியார் வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன். சிட்டுவின் அம்மா கேட்டுவிட்டு, "மூணு மாசம் முன்னாடியே இதச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். சிட்டு கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. "அவளுக்கு நேரம் வேணும், எனக்கும் வேணும்" என்று சிட்டுவின் அம்மா சொன்னாள். ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாம் என்றிருக்கிறாள்.

உன் குழாய்கள் எப்படி இருக்கின்றன?

தம்பி

ஆகஸ்ட் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுது, ஒன்று விடாமல் எழுது.

குழாய்கள் நன்றாக இருக்கின்றன. இன்று ஆறாவது கோடு போட்டேன். சிவப்பு விளக்கில் அந்த இளம் நூல் நீருக்கடியில் முடி அசைவது போலத் தெரிகிறது. அசையவில்லை, பார்க்கிற நான்தான் அசைந்திருப்பேன். பேராசிரியர் பொறுமையாக இருக்கிறார். வானொலி மட்டும் என்னிடம் கொஞ்ச நாளாகத் தாழ்ந்த குரலில் பேசுகிறாள், காரணமில்லாமல் டீ வாங்கித் தருகிறாள்.

பக்கத்து அறைக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள். அந்த வாடை எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்புடன்
அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆனால் உன்மேல் கோபம்.

மே பதினைந்தில் தொடங்கினாய். அறுபது நாள் என்றால் ஜூலை பதினான்கோடு முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் எட்டில் உனக்கு ஆறாவது கோடு, அதாவது மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாய். மீட்டர் கணக்கில் வாழ்கிறவனிடம் இதை எழுதினால் கண்டுபிடிக்கமாட்டானா? நீ இங்கே சூப் குடித்துக்கொண்டிருந்த பத்து நாளில் யாரோ அங்கே வெள்ளை விளக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்த டீக்கும் தாழ்ந்த குரலுக்கும் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. குறைந்தது முப்பத்தெட்டு நாள் எண்ணியது போயிற்று. உன் வேலை நீட்டிப்பும் போயிற்றா? இதை நீ சொல்லவேயில்லை. நம் வீட்டில் இந்த நோய் யாரிடமிருந்து வந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டாய். முதல் ஞாயிறு சிட்டு கதவுக்குப் பின்னால். பிறகு மூன்று ஞாயிறு கதவுக்குப் பக்கத்தில். போன ஞாயிறு என் மடியில் ஒரு படப்புத்தகத்தை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நேற்றுக்கு முன்தினம் ஞாயிறு இல்லை, வியாழக்கிழமை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், டோக்கன் பலகைக்கு எதிரில் அவளும் அவள் அம்மாவும் நிற்கிறார்கள். வெளிச்சத்துக்குக் கண் கூசியதில் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். சிட்டு என் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு, "அப்பா, உள்ள எவ்வளவு இருட்டு?" என்று கேட்டாள். "ரொம்ப" என்றேன். "அத்தையோட இருட்டு ரூம விடவா?" என்றாள்.

அவள் அம்மா, "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லலாமே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம், அக்கா. மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

தம்பி